விழுந்தவரைப் பார்க்கப் போகக் கூடாது என்ற சுற்றறிக்கையை நீக்கக் கோரி

அனுப்புநர்
ஜெரெமியாஸ் பெட்டென்கூர் (வயது 84),
ஓய்வு பெற்ற தெருப் பராமரிப்பாளர்,
பழைய பாலாடைக்கட்டிக் கிடங்கின் பின்வீடு,
டோஸ் போசோஸ், கலிபோர்னியா.

பெறுநர்
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
மேற்குக் கால்வாய் ஊர்களின் கூட்டுக் காப்பீட்டு நிதியம்,
ஹாலண்ட்ஸ் ஃபெர்ரி.

பொருள்: டோஸ் போசோஸ் ஊரை நிதியத்திலிருந்து நீக்கும் தீர்மானத்தைக் கைவிட வேண்டுதல், அடிபட்டவரைச் சந்திக்கத் தடை விதிக்கும் சுற்றறிக்கையை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் ஊர் மன்றத்துக்குத் தாங்கள் அனுப்பிய கடிதம், நாள் 20.2.2024.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. பள்ளி ஆசிரியை ஒருவரையும் ஏற்றிக்கொண்டு போன விண்கலம் வானத்திலேயே சிதறிய குளிர்காலம் அது. அடுத்த மாத மழையில் வடக்கே ஆற்றுக்கரை உடைந்து வீடுகள் கூரை வரை மூழ்கின. எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வால்நட்சத்திரம் வந்துபோனதாகச் சொன்னார்கள். எங்கள் பள்ளத்தாக்கின் மூடுபனியில் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பால் மிஞ்சிவிட்டது என்று அரசாங்கமே மாடுகளை வாங்கி, தாடையில் குறி சுட்டு, அடிமாட்டுக்கு அனுப்பியதும் அதே வருடம்தான். எனக்கு வருடங்கள் இப்படித்தான் நினைவிருக்கும். அது 1986 என்று எங்கள் ஊர் நூலகர் பா ஞியா வாங் அம்மா சொல்கிறார். நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதுபவர் அவர். தங்கள் நிதியம் பிறந்தது அந்த வருடம். பிறந்த அறையில் நானும் இருந்தேன். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதத் துணிகிறேன்.

2. அது ஏன் பிறந்தது என்பது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும், அதைக் காகிதத்தில் படித்தவர்களுக்கும் கையால் செய்தவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், எங்களுக்குப் பல வருடம் காப்பீடு கொடுத்துவந்த கம்பெனி இனிமேல் சிறிய ஊர்களுக்குக் கிடையாது என்று ஒரே கடிதத்தில் முடித்துக்கொண்டது. யாராவது விழுந்து வழக்குப் போட்டால் ஊரின் கட்டடங்களை விற்றுத்தான் ஈடு கொடுக்க வேண்டும் என்ற நிலை. பூங்காவில் ஊஞ்சல்களைச் சங்கிலி போட்டுப் பூட்டியவன் நான். நீச்சல் குளத்தைக் காயவைத்தவனும் நான்தான். எங்கள் ஊரின் ஒரே காவலர், வண்டியை எடுக்கக் கூடாது என்று மன்றம் சொன்னதால், மூன்று வாரம் நடந்தே ரோந்து போனார். திருடர்கள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

3. அப்போதுதான் பதினோரு ஊர்கள் சேர்ந்தன. எந்த ஊரில் யார் விழுந்தாலும் பதினோரு ஊரும் சேர்ந்து ஈடு கட்டுவது என்று ஏற்பாடு. அதோடு ஒரு விதியும் வைத்தார்கள். தன் ஊர் நடைபாதையைத் தானே பார்க்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை அடுத்த ஊர்க்காரன் வந்து நடந்து பார்த்து, பழுதான இடத்தில் ஆரஞ்சு வண்ணம் அடித்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு வாய்த்தது லாரல் போர்டு. லாரல் போர்டின் தெரு ஆள் ஹோமர் காட்லின் எங்கள் ஊருக்கு வருவார். முதல் நாளே எங்கள் பிரதான சாலையில் நின்றுகொண்டு, "யோவ் ஜெரெமியாஸ், இதென்ன தெரு போட்டிருக்கீங்களா, இல்ல உழுதுட்டு விதைக்க மறந்துட்டீங்களா?" என்று கடைக்காரர்கள் காதில் விழும்படி கேட்டார். நானும் விடவில்லை. அவர் ஊரில் நடந்துவிட்டு வந்து, "உங்க ஊர் வடிகால்ல கன்னுக்குட்டி விழுந்துச்சுன்னா, பால் கறக்குற வயசுலதான்யா வெளிய வரும்" என்றேன். இருபத்தைந்து வருடம் இப்படித் திட்டிக்கொண்டே இரண்டு ஊரையும் நேராக்கினோம். அவர் இறந்தபோது பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். கல்லறைக்குப் போகும் வழியில் நடைபாதைக் கல் ஒன்று தூக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் போய் அதற்கு வண்ணம் அடித்துவிட்டு வந்தேன்.

4. இரண்டாவது விதி ஒன்று இருந்தது. தங்கள் ஆவணங்களில் அது இல்லை என்று தங்கள் கடிதம் சொல்வது உண்மை. அது எழுதப்படவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். கூட்டம் நடந்தது எங்கள் ஊர்ப் போர்த்துகீசியர் கூடத்தில், பரிசுத்த ஆவித் திருவிழாவுக்கு மறுநாள். கூட்டம் முடிந்தது என்று மேசையைத் தட்டிய பிறகு, குறிப்பெழுதியவர் நோட்டை மூடிய பிறகு, திருவிழாவில் மிஞ்சிய சோப்பாஸைச் சூடாக்கி நான் பானையோடு கொண்டுவந்தேன். ரொட்டித் துண்டுகளின் மேல் மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றி, புதினாவைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். எங்கள் மேயர் ஊர்பானோ சீமாஸ், தொழிலால் ரொட்டி சுடுபவர், அப்போது சொன்னார்: "ஒருத்தர் விழுந்துட்டா அவங்க வீட்டுக்கு மொதல்ல போறது வக்கீலா, நாமளா? எனக்கு இது ஒண்ணுதான் கேள்வி. மூணு நாளுக்குள்ள போவோம். எந்த ஊர்ல விழுந்தாரோ அந்த ஊர் ஆளு, ஒரு இனிப்பு ரொட்டியோட."

லாரல் போர்டின் மேயர் டெல்ஃபின் ரஸ்க் அம்மா, எதையும் கடித்துப் பார்த்தே ஒப்புக்கொள்பவர், "உன் ரொட்டியத் தின்னா உடைஞ்ச கால் கூடிருமாய்யா?" என்றார். "கூடாதும்மா. ஆனா கட்டுப் போட்ட காலோட தனியா உக்காந்திருக்க வேண்டாம்ல?" என்றார் எங்கள் மேயர். டெல்ஃபின் அம்மா இன்னொரு ரொட்டித் துண்டை எடுத்துக் குழம்பில் முக்கிக்கொண்டே, "ஈடு குடுக்குறதுல பிடித்தம் கெடையாதுல்ல? ரொட்டியக் குடுத்துட்டு அதுல கழிச்சிக்கிறது, அந்த மாதிரி வேலையெல்லாம்?" என்று கேட்டார். "ரொட்டி வேற, ஈடு வேற" என்றார் மேயர். சம்மதம் என்பவர்களைக் கரண்டியைத் தூக்கச் சொன்னார். கை தூக்காமல் ஏன் கரண்டி என்றால், எல்லோர் கையிலும் அப்போது அதுதான் இருந்தது. கரண்டி தூக்கி எடுத்த முடிவை நோட்டில் எழுதுவது யாருக்கும் தோன்றவில்லை. நிதியத்தின் ஆவணங்களில் உள்ள குறை இதுதான், அம்மையீர். நோட்டு மூடியிருந்தது, அவ்வளவே.

5. அந்த விதியின்படி நான் போன வீடுகள் நாற்பத்து மூன்று. முதல் வீட்டை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் மீட்டர் குழியின் மூடி புரண்டு, லெஸ்லி டங்கன் என்ற லாரி ஓட்டுநரின் கணுக்கால் முறிந்தது. நானும் மேயரும் போனோம். கதவைத் திறந்து ரொட்டியை வாங்கினார். எங்கள் கண்ணெதிரிலேயே அதை முற்றத்தில் வீசிவிட்டுக் கதவைச் சாத்தினார். மேயர் கதவைப் பார்த்தே, "தப்பு எங்களோடதுதான். அந்த மூடியப் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரம் டங்கன் ஊன்றுகோலோடு ரொட்டிக் கடைக்கு வந்து, "அன்னிக்கு வீசினத நாய் தின்னுருச்சு. அதுலேருந்து வேற எதையும் மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது. இன்னொண்ணு குடுங்க. நாய்க்குத்தான்" என்றார். அவருக்கு உரிய ஈட்டை நிதியம் முழுதாகக் கொடுத்தது. மூன்றாம் வருடத்திலிருந்து திருவிழாவில் பானை தூக்க அவரும் வந்தார். நாய்க்கும் ஒரு தட்டு உண்டு.

6. 2019ஆம் வருடம் ஊர் மாற்றி நடக்கும் விதி நிறுத்தப்பட்டது. கைபேசியில் ஒரு செயலி வந்துவிட்டது. அவரவர் ஊரை அவரவரே படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று நிதியம் சொன்னது. எங்கள் ஊரில் பொதுப்பணிக்கு இருப்பது ஒரே ஆள். குடிநீரும் கழிவுநீரும் பார்ப்பதற்குள் அவருக்குப் பொழுது போய்விடும். ஆகவே நடந்து பார்க்கும் வேலையைச் சம்பளமில்லாத தன்னார்வலராக நான் ஏற்றேன். நான் காட்டும் இடத்தை ஊர் எழுத்தர் லொரெய்ன் அம்மா படம் எடுப்பார்.

7. இந்த ஜனவரி பனிக்காலத்தில் ஒரு காலை, தபால் அலுவலகத்து முன் வெல்மா ஹாஸ்கின்ஸ் அம்மா, வயது 78, பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். முசுக்கட்டை மரத்தின் வேர் நடைபாதைக் கல்லை இரண்டு விரல் உயரம் தூக்கியிருந்தது. அம்மையீர், அந்தக் கல்லை நான் பார்க்கவில்லை. தினமும் தபால் எடுக்க அந்த வழியாகத்தான் போகிறேன். செய்தி கேட்டதும் போய் நின்று பார்த்தேன். பிறகு எப்போதும் போல நடந்து பார்த்தேன். அந்த இடம் வந்ததும் என் வலது கால் தானாகவே கொஞ்சம் உயர்ந்து தாண்டுகிறது. எத்தனை வருடமாக அப்படித் தாண்டுகிறதோ எனக்குத் தெரியாது. வேர் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கத் தூக்க, என் காலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டிருக்கிறது. கால் கண்ணிடம் சொல்லவே இல்லை. ஹோமர் காட்லின் வந்திருந்தால் முதல் நாளே அதில் இடித்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டியிருப்பார். அடுத்த ஊர்க்காரனை எதற்கு நடக்கவிட்டார்கள் என்பது அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

8. மூன்றாம் நாள் இனிப்பு ரொட்டியோடு மருத்துவமனைக்குப் போனேன். ரொட்டி சூடாக இருந்தது. வெண்ணெய் கசிந்து போர்வையில் படாமல் இருக்க, குளிர்கோட்டின் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்து அதன் மேல் வைத்துக் கொடுத்தேன். வெல்மா அம்மாவிடம், "அந்தக் கல்லப் பாக்க வேண்டியவன் நான். பாக்காம விட்டுட்டேன். மன்னிச்சிக்கங்க" என்றேன். அவர் ரொட்டியைப் பிய்க்கப் போனவர், அடியில் இருந்த காகிதத்தை இழுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஏன்யா ஜெரெமியாஸ், என்னச் சிரிக்க வைக்காதய்யா, வலி உயிர் போகுது! அடிபட்டவங்களப் போய்ப் பாக்கக் கூடாது, வருத்தம் தெரிவிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அதே காயிதத்துல வச்சா எனக்கு ரொட்டி கொண்டாந்திருக்க?" என்றார்.

அது தங்கள் அலுவலகம் சென்ற அக்டோபரில் அனுப்பிய சுற்றறிக்கை. லொரெய்ன் அம்மா, "படிச்சிட்டு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துருங்க" என்று கொடுத்தது. நான் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு என் பிரதியை மடித்து வைத்துக்கொண்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் பிறந்த போர்த்துகீசியத் தீவில் இருந்தபோது என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எரிமலை வெடித்துச் சாம்பல் மூடி இந்த நாட்டுக்கு வந்தபோது பத்தொன்பது வயது. அன்று முதல் மாட்டுக் கொட்டகை, பிறகு தெரு. என் பெயரை மட்டும் படம் வரைவது போல் போடுவேன். என் எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும் என்று சொல்லி, நடந்து பார்த்ததை எல்லாம் எழுத்தர்களையே எழுத வைத்தேன். அறுபது வருடம் இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று வெல்மா அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்து, அந்தச் சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து மெதுவாக வாசித்துக் காட்டினார். இடையில் எங்கும் சிரிக்கவில்லை.

9. அவருடைய மருமகன் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்துத் தமக்குத் தெரிந்த வழக்கறிஞருக்கு அனுப்பினார். அதில் அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மாமியார் விழுந்திருக்கிறார், அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அங்கிருந்துதான் விஷயம் தங்களுக்கு வந்தது. எங்கள் ஊர் தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டது, நிதியத்தின் அந்தரங்கச் சுற்றறிக்கையை எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிட்டது. ஆகவே இந்த விபத்துக்கு நிதியம் ஈடு கட்டாது, டோஸ் போசோஸை உறுப்பிலிருந்தே நீக்க வரும் 14ஆம் தேதி வாக்கெடுப்பு நடக்கும் என்று தங்கள் கடிதம் சொல்கிறது. லொரெய்ன் அம்மா அதை வாசித்துவிட்டு, "ஜெரெமியாஸ், ஊஞ்சல் சங்கிலி பழசு எங்கயாவது கெடக்கா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் கடிதத்தை மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தார்.

அம்மையீர், எங்கள் ஊரில் 1,140 பேர் இருக்கிறோம். நிதியம் கைவிட்டால் எங்களை எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. அதைவிடப் பெரிய அநியாயம், ஊரிடம் ஒன்றும் இல்லாமல் போனால் வெல்மா அம்மாவுக்கு உரிய ஈடும் போய்விடும். அவர் வழக்குப் போடுவதும் போடாததும் அவர் உரிமை. நான் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டி வேறு, ஈடு வேறு.

10. ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது:

படித்தேன் என்று கையெழுத்திட்டது என் பிழை. என் ஊரின் பிழை அல்ல. தன்னார்வலர் பட்டியலிலிருந்து என்னை நீக்கிவிடுங்கள், டோஸ் போசோஸை நீக்க வேண்டாம். சுற்றறிக்கையைப் படித்திருந்தாலும் நான் போயிருப்பேன் என்பதையும் மறைக்கவில்லை. ரொட்டியை மட்டும் வேறு காகிதத்தில் வைத்திருப்பேன். இந்த வரியை எடுத்துவிடலாம் என்று நூலகர் அம்மா சொன்னார். இருக்கட்டும் என்று சொன்னேன்.

ஊர் மாற்றி நடக்கும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். செயலியும் இருக்கட்டும், அதில் படம் எடுப்பவர் அடுத்த ஊர்க்காரராக இருந்தால் போதும்.

வெல்மா அம்மாவின் மருத்துவச் செலவையும் ஈட்டையும் தாமதமில்லாமல் நிதியமே ஏற்க வேண்டும்.

அடிபட்டவரைப் பார்க்கக் கூடாது என்ற சுற்றறிக்கையை ரத்து செய்ய வேண்டும். தாங்கள் இந்த நாற்காலிக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. எழுதாத விதி தங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தங்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. சென்ற வருடம் எங்கள் திருவிழாவுக்கு வந்து, தட்டு நிறையச் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் வரிசையில் நின்றீர்கள். அன்றே தங்களைப் பிடித்துவிட்டது.

11. அப்படி ஒரு விதி இருந்ததற்குச் சாட்சி உண்டா என்று வாரியம் கேட்கும் என்று தெரியும். அன்று அந்த மேசையில் இருந்தவர்கள் பதினோரு பேர், ஊருக்கு ஒருவராக. பானை தூக்கிய நான் கணக்கில் இல்லை. ஊர்பானோ சீமாஸ், பாதிரியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 1998 திருவிழா ஊர்வலத்தில் மயங்கி விழுந்தார், மறுநாள் காலமானார். டெல்ஃபின் ரஸ்க் அம்மா நூறு வயதுக்கு இரண்டு மாதம் குறைவாகப் போனார். கடைசி வாரம் வரை செவிலியரிடம் படுக்கை உயரம் சரியில்லை என்று சண்டை போட்டார். நோட்டை மூடிய கார்வர் ஊர் எழுத்தர் மில்லிசென்ட் அம்மா, புற்றுநோயில். மற்ற ஏழு பேரும் அவரவர் ஊர்க் கல்லறையில் இருக்கிறார்கள். எல்லோருடைய இடமும் எனக்குத் தெரியும், கேட்டால் அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.

மீதி ஒருவர். அன்று பத்துக் கரண்டிகள் உயர்ந்தன. அவருடையது மட்டும் கிண்ணத்திலேயே இருந்தது. "வருத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா, கோர்ட்டுல அது ஒப்புதல் வாக்குமூலம். சூப்பு நல்லாருக்கு, யோசனை நல்லால்ல" என்றார். தோற்ற பிறகு, முடிவு முடிவுதான் என்று சொல்லி, பதினேழு வருடம் தம் ஊரில் விழுந்த ஒருவர் வீட்டையும் விடாமல் போனார். எங்கள் ஊர் இனிப்பு ரொட்டியோடு துணைக்கு நானும் போவேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் என்னைப் பார்த்து, "இது தப்புன்னு நான் சொன்னத மறந்துராதய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் அழைப்பு மணியை அழுத்துவார். இன்றும் அதையே சொல்வார். ஆகவே அவர் எனக்கு வேண்டியவராகப் பேசுவார் என்று தாங்கள் சந்தேகப்பட வேண்டாம். அவரை வரவழையுங்கள். அந்த விதியை ஆதரித்தாரா என்று கேட்க வேண்டாம். அன்று இரவுச் சாப்பாட்டில் எதை எதிர்த்தார் என்று மட்டும் கேளுங்கள். இல்லாத ஒன்றை முப்பத்தெட்டு வருடம் யாரும் எதிர்த்துக்கொண்டிருக்க முடியாது. தங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று தெரு தள்ளி, கால்வாய் ஓரத்தில், வாத்து வடிவில் தபால் பெட்டி வைத்த வீட்டில் இருக்கிறார். பெயர் ஆல்டன் க்ரோஸ்பி.

இடம்: டோஸ் போசோஸ்
நாள்: 5.3.2024

(கையொப்பம்)
ஜெரெமியாஸ் பெட்டென்கூர்

சொல்லக் கேட்டு எழுதி, முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டியவர்:
பா ஞியா வாங், ஊர் நூலகர்